மூடப்படும் முன் பார்த்துவிடுங்கள்

திருத்தணி மலைப்படியில் பாதி தூரம் ஏறி, மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்ப்பவர்களுக்கு ஊர் எந்தப் பக்கம் வளர்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அரக்கோணம் சாலையிலும் சித்தூர் சாலையிலும், போன தலைமுறை கரும்பும் வேர்க்கடலையும் போட்ட நிலங்களில் கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். நடுநடுவே பூசாத செங்கல் சுவர்கள், சவுக்குக் கழிகள் முட்டுக் கொடுத்து நிற்கும் கூரைகள், எம்-சாண்ட் குவியல்கள், மாடிகளில் கருப்புத் தண்ணீர்த் தொட்டிகள். விசைத்தறியில் சேர்த்த பணம், சென்னைக்குப் புறநகர் ரயிலில் போய் வந்து சம்பாதித்த பணம், நகையை அடகு வைத்து வாங்கிய பணம் எல்லாம் இங்கே சுவராகிக்கொண்டிருக்கிறது.

என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் கட்டிய வீடு இந்த மனைகளில் ஒன்றில்தான் எழும்பியது. 900 சதுர அடி. ஒரு கூடம், இரண்டு படுக்கையறை, சமையலறை, பின்பக்கம் துணி துவைக்கக் கொஞ்சம் இடம். விடுப்புக் கிடைத்தபோதெல்லாம் போய், அம்மாவோடு வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த வேலையைப் பார்த்தேன். கொத்தனார்களுக்கு முதலில் இது சங்கடமாக இருந்தது. வேவு பார்ப்பதாக நினைத்தார்கள். பிறகு அவர்களே கூப்பிட்டு, "அக்கா, இதைப் பாத்துடுங்க, நாளைக்கு மூடிடுவோம்" என்று காட்ட ஆரம்பித்தார்கள்.

இந்தக் கட்டுரையின் சாரமே அந்த ஒரு வாக்கியம்தான். வீடு கட்டும் வேலையில் ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தை மறைத்துவிடுகிறது. அஸ்திவாரத்தை மண் மூடும். கம்பியைக் கான்கிரீட் மூடும். செங்கல்லைப் பூச்சு மூடும். குழாயையும் ஒயரையும் சுவர் விழுங்கிவிடும். வீட்டின் ஆயுள் முழுக்க இந்த மறைந்த வேலைகளில்தான் இருக்கிறது. ஆனால் நாம் குடும்பத்தோடு, சொந்தபந்தத்தோடு, ஆசையோடு போய் நின்று பார்ப்பது டைல்ஸ் ஒட்டும்போதும் பெயிண்ட் அடிக்கும்போதும். அந்த வேலைகள் பிடிக்காவிட்டால் பத்து வருடம் கழித்துக்கூட மாற்றிக்கொள்ளலாம். முன்னவற்றை மாற்ற முடியாது.

எல்லை ஊரில் ஒரு மனை

எங்கள் மனையின் பழைய பத்திரம் தெலுங்கில் இருக்கிறது. வங்கியில் கடன் கேட்டபோது வழக்கறிஞர் அதைத் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறார்கள். திருத்தணிக்காரர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது இந்த ஊர் அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து அங்கே போய்விட்டது. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லை மாற்றச் சட்டம் 1959-ல் நிறைவேறி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை இடம் மாறியதே தவிர மனிதர்கள் மாறவில்லை. எங்கள் மேஸ்திரி நகரிப் பக்கத்துக்காரர். அவர் தெலுங்கில் "தாபி" கேட்பார், சித்தாள் தமிழில் "கரணை இங்கதான் இருக்குது" என்று எடுத்துக் கொடுப்பார். சென்ட்ரிங் அடிக்க வந்த பையன்கள் பீகார்க்காரர்கள். மூன்று மொழியிலும் வேலை தடங்கல் இல்லாமல் நடந்தது.

மனை வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதன்பின் 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்ற மனைகளுக்குத்தான் அது பொருந்தும். விலை குறைவு என்று மயங்கி, வரன்முறை ஆகாத மனையில் பணம் போட்டவர்கள் வங்கிக் கடனும் கிடைக்காமல் கட்டட அனுமதியும் கிடைக்காமல் தவிப்பதை இந்தப் பக்கத்தில் பார்க்கலாம்.

கட்டட அனுமதி இப்போது எளிதாகிவிட்டது. 2024 ஜூலை 22-ல் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் குடியிருப்புக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி. அலுவலகத்துக்கு நடையாய் நடந்த காலம் முடிந்ததில் எனக்கு மிகுந்த நிம்மதி. ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அனுமதிக்கு முன் யாரும் இடம் பார்க்க வருவதில்லை. சிறு வீடுகளுக்குக் கட்டி முடித்த சான்றும் தேவையில்லை. அப்படியென்றால் அஸ்திவாரக் குழியையும் கம்பிக் கட்டையும் பார்க்கப்போகும் ஒரே வெளியாள் கண் வீட்டுக்காரருடையதுதான். அது மூடியிருந்தால் வேறு கண் இல்லை.

குழியும் கம்பியும்

பஞ்சாங்கம் ஆண்டுக்கு எட்டு வாஸ்து நாட்கள்தான் தருகிறது. அதில் ஒன்றைப் பிடித்து, மலைமேல் முருகன் பாதத்தில் வைத்து எடுத்து வந்த செங்கல்லை ஈசானிய மூலையில் வைத்தார்கள். அன்று மத்தியானமே நூல் பிடித்துச் சுண்ணாம்பு கோடு போட்டார்கள். நான்கு முளைக்குச்சி, இழுத்துக் கட்டிய நூல், மூலைக்கு மூலை குறுக்களவு. இந்த வேலையின் வயது நினைத்தால் சிலிர்க்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை பாண்டியன் அரண்மனைக்கு மனை வகுத்ததைச் சொல்லும்போது, உச்சிவேளையில் கோல் நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத பொழுதில் திசை குறித்து, கயிறு இட்டு அளந்ததை விவரிக்கிறது. அரண்மனைக்கும் 900 சதுர அடி வீட்டுக்கும் தொடக்கம் அதே நூல்தான்.

குழி தோண்டியதில்தான் முதல் பாடம். மேலே வயல் காலத்துக் களிமண். அதன் கீழே செம்மண். அதற்கும் கீழே சரளை கலந்த கெட்டி மண். பக்கத்து மனையில் மூன்றரை அடியில் நிறுத்திவிட்டார்கள் என்று தங்கை வீட்டுக்காரர் சொன்னார். மேஸ்திரி கடப்பாரையைத் தூக்கிக் குத்திக் காட்டினார். முனை மெத்தென்று இறங்கியது. "இது மழைக்கு ஊறும், வெயிலுக்குச் சுருங்கும். மேல செவுரு என்னத்துக்கு வெடிக்குதுன்னு அப்புறம் எல்லாரும் சிமெண்ட்டைத் திட்டுவாங்க" என்றார். கடப்பாரை கிணுங்கென்று சத்தம் போடும் ஆழம்வரை தோண்டினார்கள். களிமண் ஈரத்தில் உப்பி, காய்ச்சலில் சுருங்கும். அதன் மேல் உட்கார்ந்த வீடு ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒவ்வொரு சித்திரையிலும் சிறிது அசைந்துகொண்டே இருக்கும். வயல், ஏரிப்பாசன நிலம் மனையாகும் ஊர்களில் சுவர்கள் மூலைக்கு மூலை வெடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கூடுதல் ஆழத்துக்கு ஆன செலவு, பின்னால் வாங்கிய மாடுலர் கிச்சன் கதவுகளின் விலையைவிடக் குறைவு.

அடுத்தது கம்பி. மவுலிவாக்கத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2014 ஜூன் 28 மாலை, சென்னைக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் அப்படியே சரிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆந்திராவின் வடகோடி மாவட்டங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். அது அடுக்குமாடி, நாம் கட்டுவது தரைத்தள வீடுதானே என்று தோன்றும். கான்கிரீட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அது அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுவையைத் தாங்கத்தான் கம்பி. கம்பி துருப்பிடித்தால் உப்பி, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டையே பிளந்து தள்ளும். பழைய தொகுப்பு வீடுகளில் கூரைக் காரை பெயர்ந்து, கம்பி எலும்பாகத் தெரிவதைப் பார்க்காத தமிழர் உண்டா? அந்தக் குடும்பங்கள் பிள்ளைகளை எந்த மூலையில் படுக்க வைப்பது என்று தெரியாமல் இருக்கின்றன. குடிசைகளுக்குப் பதிலாக 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்று கலைஞர் கனவு இல்லம் திட்டம் போட்டிருக்கிறது. வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. மிக நல்ல திட்டம். அந்த 360 சதுர அடியில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே விடும் இடைவெளியை யாராவது நின்று பார்த்தால், இன்னொரு தலைமுறை காரை விழும் கூரைக்குக் கீழே படுக்க வேண்டியிருக்காது.

அந்த இடைவெளியின் அளவு கூரைக்கு 20 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நுழையும் அளவு. கம்பி பலகையில் படாமல் தூக்கி நிறுத்தச் சின்னச் சின்ன கவர் பிளாக்குகள் விற்கிறார்கள், சல்லிக் காசுதான். அது இல்லாத இடத்தில் ஜல்லிக் கல்லைச் சொருகிவிடுவார்கள். கான்கிரீட் கொட்டும்போது மேலே ஆள் நடந்ததும் கல் நழுவி, கம்பி பலகையோடு ஒட்டிவிடும். முட்டு பிரித்த பிறகு அந்த இடத்தில் கம்பி கீழே தெரியும். அதைச் சிமெண்ட் பூசி மறைத்துவிடுவார்கள். அந்த வீட்டில் துரு அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடும்.

செங்கல் வந்த வழி

பதினைந்தாயிரத்துக்குக் குறையாமல் செங்கல் இறங்கியது. இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் மணிச் சத்தம் கேட்க வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடையக் கூடாது. ஒரு நாள் முழுக்க ஊற வைத்து எடை போட்டால், தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கக் கூடாது. இதெல்லாம் அம்மாவுக்கே தெரிந்த சோதனைகள். லாரி வந்தவுடன் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய்த் தட்டிப் பார்த்தார்.

எனக்கு அந்தச் செங்கற்களைத் தொட்டபோது மனம் வேறு எங்கோ போனது. எங்கள் திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் செங்கல் அறுப்பவர்களில் பெரும்பகுதியினர் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பகுதிகளிலிருந்து வருகிறவர்கள். அறுவடைத் திருவிழா சமயத்தில் முகவரிடம் முன்பணம் வாங்கி, மழைக்காலம் முடிந்ததும் குடும்பத்தோடு ரயிலேறி, வெயில் முடியும்வரை இங்கே அறுத்துக் கொடுத்துக் கடன் கழிக்கிறார்கள். கணவன், மனைவி, ஒரு பிள்ளை சேர்ந்துதான் ஒரு கூலிக் கணக்கு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் இந்த மாவட்டத்துச் சூளைகளிலிருந்து ஆட்களை மீட்டதாகச் செய்திகள் வந்தபடிதான் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்காகச் சூளைகளுக்கு அருகிலேயே ஒடியாப் பாடநூல்களோடு பள்ளி நடத்திய நல்ல முயற்சியும் இதே மாவட்டத்தில் நடந்தது. செங்கல் விலை பேசும் நாம் சூளைக்கு ஒருமுறை நேரில் போய் வரலாம். எங்கே அறுத்தது, யார் அறுத்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று கேட்கலாம். தரம் பார்க்கப் போகிறோம் என்ற பேரில் போனாலே போதும், கேள்வி கேட்கும் ஆள் வருகிறார் என்பது அங்கே தெரிந்துவிடும். நாங்கள் போனோம். எங்கள் பிள்ளைகள் தூங்கப்போகும் வீட்டுக்குச் செங்கல் அறுத்தவர்களின் பிள்ளைகள் அங்கே மண் குழைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதில் என் தங்கை பிடிவாதமாக இருந்தாள். அடுத்த லோடு வேறு சூளையிலிருந்து வந்தது.

தளம் போட்ட நாள்

வாசக்கால் வைத்ததைச் சொந்தங்கள் விமரிசையாகக் கொண்டாடினார்கள். நவதானியம், ஒரு காசு, மஞ்சள் துணி, சுமங்கலிகள் கை வைத்துத் தூக்கியது எல்லாம் அழகாகவே நடந்தது. ஆனால் என்னைக் கேட்டால் ஒரு வீட்டின் பெருநாள் தளம் போடும் நாள்தான்.

சித்திரை மாதம். கோடையில் வானிலைச் செய்தி வாசிக்கும்போது வேலூரோடும் கரூர் பரமத்தியோடும் திருத்தணியின் பெயரும் தவறாமல் வரும். மலைப்பாறையும் காய்ந்த காற்றும் சேர்ந்து ஊரை வறுத்து எடுக்கும். 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் கான்கிரீட் போடுவதற்கென்றே ஐ.எஸ். 7861 என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு தனி விதித்தொகுப்பு வைத்திருக்கிறது. எங்கள் மேஸ்திரி அதைப் படித்தவர் இல்லை. ஆனால் அவர் செய்தது அதில் சொல்லியிருப்பதைத்தான். ஜல்லிக் குவியலை முதல்நாள் சாயங்காலமே தண்ணீர் அடித்துக் குளிர வைத்தார். பலகையை நனைத்து வைத்தார். விடியும் முன் கலவை இயந்திரத்தை ஓட விட்டார். வெயில் உச்சிக்கு வரும்முன் முக்கால் வேலை முடிந்திருந்தது.

கணக்கைச் சொன்னால் அந்த நாளின் கனம் புரியும். 900 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் பத்தரை கன மீட்டருக்குச் சற்று மேல் கான்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் சுமார் 85 மூட்டை சிமெண்ட். மொத்த எடை 26 டன்னுக்கு மேல். அத்தனையும் ஒரே நாளில், நிறுத்தாமல், மனிதத் தலைகள் வழியாக மேலே போகிறது. பாதியில் நிறுத்தினால் பழைய கான்கிரீட்டுக்கும் புதியதற்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத விரிசல் நின்றுவிடும். மழைக்காலத்தில் ஒழுகும்போதுதான் அது தெரியும்.

அன்று முழுக்க நான் பார்த்தது தண்ணீர்க் குடத்தை மட்டும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. கலவை தளர்ந்தால் கொட்டுவதும் பரப்புவதும் சுலபம், கைக்கு வலி இல்லை. அதனால் அயர்ந்த நேரத்தில் "இன்னும் ஒரு கொடம் ஊத்து" என்ற குரல் எல்லாத் தளத்திலும் எழும். கூடுதலாக ஊற்றிய தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும்போது அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாகிவிடும். துளை வழியே காற்றும் மழையும் போய்க் கம்பியைத் தொடும். சிமெண்ட்டில் சேமிக்கப் பார்ப்பவர்களால் கெடும் வீடுகளைவிட, தண்ணீரைத் தாராளமாக ஊற்றியதால் கெடும் வீடுகள் அதிகம் என்று இந்தத் தொழிலில் தலை நரைத்தவர்கள் சொல்கிறார்கள். அதை நான் நம்புகிறேன். கலவைக்காரத் தம்பிக்கு நாங்கள் அளவு போட்ட வாளி ஒன்றைக் கொடுத்திருந்தோம். மோரும் அடிக்கடி கொடுத்தோம். இரண்டும் வேலை செய்தன.

ஊற்றும்போது கஞ்சத்தனம் காட்ட வேண்டிய தண்ணீரை, ஊற்றி முடித்த பிறகு வாரி இறைக்க வேண்டும். சிமெண்ட் காய்ந்து கெட்டிப்படுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து ரசாயன மாற்றம் நடந்துதான் இறுகுகிறது. அந்த மாற்றம் 28 நாளும் அதற்குப் பிறகும் நடந்துகொண்டிருக்கும். ஈரம் போய்விட்டால் அது நின்றுவிடும், பிறகு எவ்வளவு ஊற்றினாலும் முழுப் பலம் திரும்பாது. இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. காய்ந்த வெயில் ஊருக்கு அதற்கும் மேல் வேண்டும்.

மறுநாள் விடியற்காலை கூரை மேலே ஏறிப் பார்த்தேன். சித்தாள் பெண்கள் இருவர் மெலிந்த சாந்தால் சின்னச் சின்ன வரப்பு எழுப்பி, தளம் முழுக்கப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்கள். இருவரும் திருவாலங்காட்டுப் பக்கத்தில் வயல் வேலை செய்தவர்கள். நெல்லுக்குப் பாத்தி கட்டிய அதே கை. குழாயைத் திறந்ததும் பாத்திக்குப் பாத்தி மடை உடைத்து விட்டார்கள். அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. தூண்களுக்குச் சாக்குச் சுற்றி, ஒரு நாளைக்கு மூன்று வேளை நனைத்தார்கள். இந்தக் காரியத்துக்குத் தனி ஆள் போட்டுக் கூலி கொடுக்க நிறையப் பேர் மனம் வைப்பதில்லை. போர்வெல் தண்ணீர் வற்றும் மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்கிக் கூரையில் கொட்டுவதா என்று அம்மாவே முதலில் முணுமுணுத்தார். பூண்டி ஏரி பக்கத்தில் இருக்கிறது, அது சென்னைக்கு. நமக்குக் கொசஸ்தலை ஆற்று மணலில் ஊற்று இருந்த காலம் போய்விட்டது. அதனால் லாரித் தண்ணீர்தான். இரண்டு லாரி. அது இந்த வீட்டில் நாங்கள் செய்த செலவுகளிலேயே நியாயமான செலவு.

முட்டுப் பிரிக்கவும் அவசரப்பட வேண்டாம். பலகைக்கும் முட்டுக்கும் நாள் வாடகை ஓடுவதால் சீக்கிரம் கழற்றச் சொல்லித்தான் வீட்டுக்காரர்களே நெருக்குகிறார்கள். நாலரை மீட்டருக்குள் உள்ள தளத்துக்கு 7 நாளும் உத்திரத்துக்கு 14 நாளும் குறைந்தபட்சம் என்று விதி இருக்கிறது. அது சாதாரண சிமெண்ட்டுக்கு, ஒழுங்காக ஈரம் காத்தால். பி.பி.சி.க்கு மேஸ்திரி அதைவிடக் கூடுதலாக நிறுத்தினார், நாங்கள் வாய் திறக்கவில்லை.

தலையில் சுமந்தவர்கள்

தளம் போட்ட அன்று 26 டன்னில் பெரும்பாதியைத் தூக்கியது பெண்கள். சும்மாட்டின் மேல் பாண்டு, ஏணி, சாரம், மறுபடியும் ஏணி. கொத்தனார் கூலியில் பாதியைச் சற்றே தாண்டும் அவர்களுடைய கூலி. அதில் ஒருவர் இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறார். சாந்தின் பதம், செங்கல் ஊறிய அளவு, தூக்குக்குண்டு சாய்வது, அத்தனையும் அவருக்குத் தெரிகிறது. கொத்தனார் வைத்த வரிசை அரை அங்குலம் விலகியதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது அவர்தான். ஆனாலும் அவர் கையில் யாரும் கரணையைக் கொடுத்ததில்லை. "எங்க, கத்துக் குடுக்கறாங்களா? சாந்து கொண்டான்னுதான் சொல்றாங்க" என்றார். கேரளாவில் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் கொத்து வேலை பழகி, குழுவாகச் சேர்ந்து முழு வீடே கட்டித் தருகிறார்கள். இங்கே அது நடக்காததற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பின்பக்கத் துவைக்கும் மேடையை அவரையே கட்டச் சொல்லி மேஸ்திரியிடம் என் தங்கை கேட்டாள். மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார், பிறகு சம்மதித்தார். அந்த மேடைக்கு அன்று அவருக்குக் கொத்தனார் கூலி.

கட்டடத் தொழிலாளர்கள் தெருவில் நின்று போராடிப் பெற்றதுதான் 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம். அதன்கீழ் 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. நாட்டில் பல மாநிலங்கள் யோசிப்பதற்கு முன்பே வந்தது. பிள்ளைகள் படிப்பு, மகப்பேறு, விபத்து, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று உதவிகள் இருக்கின்றன. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல வரியாக வசூலாகும் பணம் இதற்குத்தான். சொந்தக் குடியிருப்புக்கான செலவு ஒரு வரம்புக்குள் இருந்தால் மத்தியச் சட்டம் விலக்குத் தருகிறது, அதற்கு மேல் போகிறவர்கள் எல்லாரும் கட்டுகிறோம். ஆனால் எங்கள் மனையில் வேலை செய்த பெண்களில் ஒருவரிடம்தான் வாரிய அட்டை இருந்தது, அதுவும் புதுப்பிக்காமல். வரி கட்டிய ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கை, அந்த அட்டை இருக்கிறதா என்று கேட்பதில் காட்டலாம். தங்கை வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாருக்கும் இணையத்தில் பதிவு செய்து கொடுத்தார். ஆதார், வங்கிப் புத்தகம், குடும்ப அட்டை, வேலைச் சான்று. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

சுவருக்குள் போன குழாய்

பூச்சு வேலைக்கு முன்பு இன்னும் ஒரு தடவை நின்று பார்க்க வேண்டிய நாள் இருக்கிறது. சுவரை வெட்டிக் குழாயும் ஒயர் பைப்பும் பதித்துவிட்டு, பூசுவதற்கு இடையில் உள்ள நாள். ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவை விரித்துப் பிடித்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று படத்திலேயே தெரியட்டும். நாளைக்கு ஒரு ஆணி அடிக்கும்போது, கசிவு எங்கே என்று தேடும்போது அந்தப் படம்தான் கைகொடுக்கும். தண்ணீர்க் குழாயில் அழுத்தம் ஏற்றி ஒரு இரவு வைத்து, காலையில் முள் இறங்கவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே பூசச் சொல்லுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். பல வீடுகளில் அது அனுமதி வரைபடத்தில் மட்டும் இருக்கிறது. குழி தோண்டி ஜல்லியும் மணலும் நிரப்பும்போது பக்கத்தில் நின்றவர்கள் வீட்டில்தான் கிணறு ஊறும்.

இவற்றுக்குப் பின் வரும் வேலைகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. டைல்ஸ் கடைக்காரரும் பெயிண்ட் கடைக்காரரும் வேண்டிய அளவு சொல்வார்கள். ஆடி கழிந்து ஆவணியில் பால் காய்ச்சினார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்த தூரத்துச் சொந்தங்கள் பூச்சு முடியாத வீட்டிலேயே பாய் விரித்துத் தங்கிவிட்டுப் போனார்கள், அதுவே எங்களுக்குப் புதுமனை புகுந்த மாதிரிதான்.

மாடிக்கென்று தூண் கம்பிகளை இரண்டு அடி நீட்டி விட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் கூரை மேல் இப்படித் துருவேறி நிற்கும் கம்பிகளைப் பார்க்கலாம். பிள்ளைகள் படித்து முடித்ததும் மாடி எழுப்பலாம் என்று விட்டது. பத்துப் பன்னிரண்டு மழை நனைந்து பாதியாய் மெலிந்த அந்தக் கம்பியில்தான் பிறகு மாடியைத் தூக்கி நிறுத்துகிறார்கள். மேஸ்திரியிடம் சொல்லி, கம்பியைத் தேய்த்து, சிமெண்ட் பால் பூசி, பின்னால் உடைத்து எடுக்கக்கூடிய மெலிந்த கலவையால் தொப்பி போல் மூடினோம். உள்ளே எத்தனை கம்பி, என்ன கனம் என்று ஒரு காகிதத்தில் எழுதி, கைப்பேசிப் படங்களோடு சேர்த்து வைத்தாயிற்று.

மேஸ்திரி இப்போது அதே மனைப்பிரிவில் மூன்று மனை தள்ளிக் குழி தோண்டுகிறார். வீட்டுக்காரர் அரக்கோணத்தில் வேலை செய்பவர், ஞாயிறுதான் வருவாராம். வெள்ளிக்கிழமை காலை அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட். வியாழக்கிழமை சாயங்காலம் எப்படியாவது வந்து கம்பியைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி என் தங்கை அவருக்குப் போன் செய்திருக்கிறாள்.